பள்ளியிலிருந்து வரும் எடைக் கடிதம்



உங்கள் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டண பாக்கியா, தேர்வு மதிப்பெண்ணா என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் இல்லை. பிள்ளையின் உயரமும் எடையும் எழுதப்பட்டு, அவளது வயதுக்கு இந்த எடை கூடுதலாக இருக்கலாம் என்றும், மருத்துவரிடம் காட்டுவது நலம் என்றும் அதில் கண்டிருக்கிறது. நம் வீடுகளில் என்ன நடக்கும்? பிள்ளையைத் தராசில் ஏற்றிக் கண் வைக்கலாமா என்று பாட்டிமார் பொங்கி எழுவார்கள். வாப்பா தலைமையாசிரியரைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார். உம்மா மட்டும் ஒன்றும் பேசாமல், மறுநாள் காலை பிள்ளையின் தட்டில் ஓர் ஆப்பத்தைக் குறைத்து வைப்பார்.

இது கற்பனையன்று. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2003-04 கல்வியாண்டு முதல் இத்தகைய கடிதங்கள் வீடு தேடி வருகின்றன. அதுவும் ஏதோ ஒரு பள்ளியின் விருப்பத்தால் அன்று. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி!

அமெரிக்கச் சட்டம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர்களிலிருந்து படித்துப் போன பிள்ளைகள் இன்று டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இல்லினாயிலும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அவர்களின் மக்கள் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பேரப் பிள்ளையைப் பற்றி இப்படியொரு கடிதம் வந்ததென்று தொலைபேசியில் செய்தி வரும்போது, அது என்ன, எங்கிருந்து வந்தது என்று நாம் அறிந்திருப்பது நல்லதன்றோ? தவிரவும், பிள்ளைகளின் உணவையும் விளையாட்டையும் ஓர் அரசு சட்டத்தால் திருத்த முடியுமா என்னும் கேள்விக்கு, கடந்த 20 ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மாநிலங்கள் ஒரு பெரிய சோதனைக் கூடமாக இருந்து வந்துள்ளன.

முதலில் ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் கல்வி பெரிதும் மாநிலங்களின் பொறுப்பு. பள்ளியில் என்ன கற்பிப்பது, எத்தனை நிமிடம் விளையாடச் செய்வது என்பவற்றை வாஷிங்டனில் உள்ள நடுவண் அரசு முடிவு செய்வதில்லை. பள்ளி மதிய உணவுக்குப் பணம் தருவதால் அந்த உணவைப் பற்றி அது விதிகள் வகுக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை 50 மாநிலங்களும் தத்தம் போக்கில் செய்துகொள்கின்றன.

அந்த மதிய உணவுத் திட்டமே பசியிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது ஊட்டக் குறைவால் தகுதியிழந்த இளைஞர்கள் ஏராளம் என்று கண்டு, 1946-இல் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த பத்தாண்டில் வேறொரு அதிர்ச்சி. ஹான்ஸ் கிராவ்ஸ் என்னும் மருத்துவர் எளிய தசைச் சோதனை ஒன்றை நடத்தியபோது அமெரிக்கப் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 58 பேர் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் 9 பேர்தாம்! அதிபர் ஐசனோவர் திகைத்துப்போய் 1956-இல் இளையோர் உடல்திறனுக்கென ஒரு மன்றத்தையே அமைத்தார். பிறகு காலம் தலைகீழாகப் புரண்டது. 1970-களின் தொடக்கத்தில் 6 முதல் 11 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் 100க்கு 4 பேர் பருமனாய் இருந்தனர். நூற்றாண்டு முடியும்போது அது 15 ஆயிற்று. மெலிந்த பிள்ளைக்காக எழுந்த கவலை, பருத்த பிள்ளைக்கான கவலையாக மாறியது.

ஆர்கன்சாஸின் 1220-ஆம் சட்டம்

ஆர்கன்சாஸ், அமெரிக்காவில் மிகுதியாக நெல் விளையும் மாநிலம். வால்மார்ட் நிறுவனத்தின் தாயகம். செல்வ மாநிலங்களின் வரிசையில் சேராதது. முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் அங்கேதான் ஆளுநராக இருந்தார். 1996 முதல் 2007 வரை ஆளுநராக இருந்த மைக் ஹக்கபீயும் கிளிண்டனும் எதிரெதிர்க் கட்சியினர். எனினும் இருவரும் ‘ஹோப்’ என்னும் ஒரே சிற்றூரில் பிறந்தவர்கள். கிறிஸ்தவப் போதகராக இருந்து அரசியலுக்கு வந்த ஹக்கபீ மிகப் பருமனானவர். 2003-இல் அவருக்கு நீரிழிவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதன்பின் உணவைச் சுருக்கி, ஓட்டம் பழகி, ஏறத்தாழ 50 கிலோ எடையைக் குறைத்தார்.

அதே 2003-இல் சட்டமன்றம் நிறைவேற்றி அவர் கையெழுத்திட்டதுதான் 1220-ஆம் சட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் அளந்து பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தின்பண்ட, குளிர்பானத் தானியங்கி இயந்திரங்களை நெருங்க இடந்தரக் கூடாது. குளிர்பான நிறுவனங்களோடு பள்ளிகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் அவற்றால் கிடைக்கும் வருமானத்தையும் பெற்றோருக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பள்ளி மாவட்டந்தோறும் ஊட்டத்துக்கும் உடலியக்கத்துக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். மாநில அளவில் நிபுணர் குழு ஒன்று உடற்கல்விக்கும் உணவுக்கும் தரங்களைப் பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவும் ஒரே சட்டத்தில்!

ஆயினும் உலகத்தின் காதில் விழுந்தது அந்த முதல் பகுதிதான். பிள்ளையின் அளவை மதிப்பெண் அட்டையிலேயே எழுதுவது என்றுகூட முதலில் இருந்தது. கணக்கில் 70, ஆங்கிலத்தில் 65, உடம்பில் இவ்வளவு! நல்ல வேளையாக அது பின்னர் தனியான, மூடிய கடிதமாக மாற்றப்பட்டது.

கடிதத்தில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, வந்ததால் எடையை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண், சுருக்கமாக பி.எம்.ஐ. அண்மையில் 10 வயது நிரம்பிய ஒரு சிறுமி 140 சென்டிமீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் இருக்கிறாள் என்று கொள்வோம். 1.4-ஐ 1.4-ஆல் பெருக்க 1.96. அதனால் 40-ஐ வகுக்க 20.4. அவளுடைய உம்மாவுக்கு இதே 20.4 இருந்தால் எந்த மருத்துவரும் குறை சொல்லமாட்டார், வளர்ந்தவர்களுக்கு 18.5 முதல் 25 வரை சரியான எடை என்பதே பொதுக் கணக்கு. ஆனால் 10 வயதுச் சிறுமிக்கு அதே எண் எச்சரிக்கைக் கோட்டைச் சற்றே தாண்டிவிடுகிறது. பிள்ளைகளின் உடம்பு வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறுவதால், அவர்களை ஒத்த வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். 100 பேர் வரிசையில் 85-ஆம் இடத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. 95-ஐத் தாண்டினால் பருமன்.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். ஆர்கன்சாஸில் முதலாண்டில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை அளந்து பார்த்தபோது 100க்கு 21 பேர் அந்த 95-ஆம் இடத்துக்கு மேலே இருந்தார்கள் என்றும், மேலும் 17 பேர் இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்தார்கள் என்றும் கணக்கு வெளியாயிற்று. கடைசி ஐந்து இடங்களில் 21 பேர் நிற்பது எவ்வாறு? அந்த வரிசை இன்றைய பிள்ளைகளின் வரிசை அன்று என்பதே விடை. 1960-கள் முதல் சில பத்தாண்டுகளில் அளக்கப்பட்ட பிள்ளைகளைக் கொண்டு அமைத்த அளவுகோல் அது. அன்று ஐந்து பேர் நின்ற இடத்தில் இன்று 21 பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஆக, ஒரு மாநிலத்தின் நிலையைச் சொல்வதற்கு இந்த எண் மிகச் சிறந்த கருவி. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அது போதாது. தசையா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது. நாளைக்கே மளமளவென்று வளரப்போகும் பிள்ளையா என்றும் தெரியாது.

கடிதங்களின் பலன்

பெற்றோர் கொதித்தெழுவார்கள், பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள், வகுப்பில் கேலி மிகுந்துவிடும் என்றெல்லாம் அஞ்சினார்கள். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் பெற்றோரையும் பிள்ளைகளையும் கேட்டுவந்தார்கள். அந்த அச்சங்கள் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்றே அவர்களின் அறிக்கைகள் கூறின. ஆனால் நன்மையும் அவ்வளவாக விளையவில்லை. பருமனான பிள்ளைகளின் பங்கு முதல் சில ஆண்டுகளில் 100க்கு 21-லிருந்து ஏறாமல் நின்றது. ஏறிக்கொண்டே போனது நின்றதே வெற்றி என்று மாநிலத்தார் மகிழ்ந்தனர். இறங்கவும் இல்லையே என்றனர் மற்றவர்கள். 2007-இல் சட்டமன்றம் தன் கையைச் சற்றுத் தளர்த்திற்று. ஆண்டுதோறும் அளப்பதை விட்டு மழலை வகுப்பிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அளந்தால் போதும். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை அளக்கவும் வேண்டியதில்லை என்று திருத்தியது.

ஆர்கன்சாஸைப் பார்த்து வேறு பல மாநிலங்களும் பிள்ளைகளை அளக்கத் தொடங்கின. அவற்றுள் மாசசூசெட்ஸ், அளப்பதை வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதை 2013-இல் கைவிட்டது. இந்த விவகாரத்தில் மிகத் தெளிவான விடை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. கிறிஸ்டீன் மேட்சன் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 79 பள்ளிகளில், 3 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள ஏறத்தாழ 29,000 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சில பள்ளிகளில் அளந்து கடிதம் அனுப்பினார்கள். சிலவற்றில் அளந்தும் கடிதம் அனுப்பவில்லை. சிலவற்றில் அளக்கவே இல்லை. 2020-இல் வெளியான முடிவு இது: கடிதம் பெற்ற வீட்டுப் பிள்ளைகளின் எடையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால், பள்ளியில் அளக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய மனநிறைவு குறைந்திருந்தது.

மதரஸாவில் பிள்ளைகளோடு பழகும் எனக்கு இதில் வியப்பில்லை. கொஞ்சம் உடம்பு பூசினாற்போல் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பில் வைக்கப்படும் பட்டப்பெயர் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தப் பிள்ளைக்குத் தன் எடை தெரியாது என்று நினைப்பது பெரியவர்களின் பேதைமை. அதை எண்ணாக எழுதி உறையிலிட்டு அனுப்புவதால் அவன் புதிதாக அறிந்துகொள்வது ஒன்றுமில்லை. வீட்டாருக்கோ எண் கிடைக்கிறது, வழி கிடைப்பதில்லை. பழமும் பாலும் விலையேறிப்போய், பொரித்த கோழியும் கோலாவும் மலிவாகக் கிடைக்கும் ஊரில், இரண்டு வேலை பார்க்கும் தாய் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இயந்திரமும் ஒப்பந்தமும்

1220-ஆம் சட்டத்தின் உயிர்நாடி, செய்தித்தாள்கள் கண்டுகொள்ளாத அந்த இயந்திரப் பகுதியில்தான் இருந்தது என்பது என் கருத்து.

காசு போட்டால் டப்பா விழும் அந்த இயந்திரம் பள்ளி நடைக்கூடத்துக்கு வந்த கதை சுவையானது. பள்ளிகளுக்கு வரிப்பணம் போதவில்லை. கோக்ககோலா, பெப்சி போன்ற நிறுவனங்கள் வந்து, எங்கள் பானத்தை மட்டும் விற்க உரிமை கொடுங்கள், விளையாட்டுத் திடலுக்குப் புள்ளிப் பலகை தருகிறோம், விற்பனையில் பங்கு தருகிறோம் என்றன. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தன. பிள்ளைகள் எவ்வளவு குடிக்கிறார்களோ அவ்வளவு பள்ளிக்கு வருமானம்! உடல்நலப் பாடத்தில் சர்க்கரையைக் குறை என்று கற்பித்துவிட்டு, கதவைத் திறந்தால் எதிரே சர்க்கரைத் தண்ணீர் விற்கும் நிலை. அந்த ஒப்பந்தத்தைப் பெற்றோர் முன் விரித்து வைக்கச் சொன்னதே ஆர்கன்சாஸ் சட்டத்தின் துணிவு.

கலிபோர்னியா இதில் முன்னே சென்றது. 2003-இல் இயற்றிய சட்டத்தால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சோடா விற்பனையைத் தடுத்தது. 2005-இல், உடற்கட்டுப் போட்டிகளில் பேர்பெற்று நடிகராகி ஆளுநரும் ஆன அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்ட சட்டங்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அத்தடையை நீட்டின. தின்பண்டங்களில் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் வரம்பு கட்டின. மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பவே நிறுவனங்கள் நிலைமையை உணர்ந்தன. 2006 மே மாதத்தில் கோக்ககோலாவும் பெப்சியும் கேட்பரி ஸ்வெப்ஸும், முழுச் சர்க்கரை சோடாவைப் பள்ளிகளிலிருந்து படிப்படியாக எடுத்துவிட ஒப்புக்கொண்டன. அந்த உடன்பாட்டின் பின்னே நின்ற அமைப்பை முன்னின்று நடத்தியவர்கள் யார் தெரியுமா? இதய அறுவை செய்துகொண்ட பில் கிளிண்டனும், எடை குறைத்த மைக் ஹக்கபீயும்! பின்னர் நடுவண் அரசே 2010-இல் சட்டம் இயற்றி, 2014-15 கல்வியாண்டு முதல் பள்ளியில் விற்கும் தின்பண்டங்கள் யாவற்றுக்கும் நாடு முழுவதும் தரம் விதித்தது.

இவை பயன் தந்தனவா? 40 மாநிலங்களில் 5-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் கணக்கை ஆய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பள்ளித் தின்பண்டங்களுக்குத் தெளிவான, கடுமையான வரம்பு வைத்த மாநிலங்களில் பிள்ளைகளின் எடையேற்றம் குறைவாக இருந்தது. சும்மா “தவிர்ப்பது நல்லது” என்று எழுதி வைத்த மாநிலங்களில் அந்தப் பயன் காணப்படவில்லை. அதே ஆய்வாளர்களின் மற்றொரு கட்டுரை இன்னும் கவனிக்கத்தக்கது. சோடாவை மட்டும் தடுத்த மாநிலங்களில் பிள்ளைகள் அதே காசுக்கு விளையாட்டு வீரர் பானமும், பழத்தின் பெயர் தாங்கிய சர்க்கரைத் தண்ணீரும் வாங்கினார்கள். இனிப்புப் பானங்கள் அனைத்தையும் தடுத்த இடத்தில்தான் பள்ளிக்குள் வாங்குவது குறைந்தது. அப்போதுங்கூட நாள் முழுவதும் குடித்த மொத்த அளவு குறையவில்லை. பள்ளி வாசலைத் தாண்டியதும் கடை இருக்கிறதே!

நிமிடங்களைத் தேடி

இனி உடலியக்கம். நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வதற்கென்றே ஏற்பட்டது என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். 2002 ஜனவரியில் வந்த நடுவண் கல்விச் சட்டம் படிப்பிலும் கணக்கிலும் ஆண்டுத் தேர்வு வைத்து, தேறாத பள்ளிகளைத் தண்டித்தது. ஓட்டத்துக்குத் தேர்வில்லை, ஆகவே ஓட்டத்தின் நிமிடங்கள் கரைந்தன.

மாநிலங்கள் சட்டத்தால் அணை கட்டப் பார்த்தன. மிசிசிப்பி 2007-இல் 8-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 150 நிமிட உடலியக்கம் வேண்டுமென்றது. டெக்சாஸ் அதே ஆண்டில், 5-ஆம் வகுப்பு வரை அன்றாடம் 30 நிமிடம் என்று விதித்து, 3 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் உடல்திறன் சோதனையும் வைத்தது. ஓட்டம், தண்டால், வளைதல் முதலிய ஆறு சோதனைகள். முதல் முடிவுகளைப் பாருங்கள்: 3-ஆம் வகுப்பில் 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் ஆறிலும் தேறினார்கள், 12-ஆம் வகுப்பில் 10 பேரில் ஒருவர்கூட முழுமையாகத் தேறவில்லை எனலாம். பள்ளியில் இருக்க இருக்கப் பிள்ளையின் உடம்பு தளர்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அன்றாடம் உடற்கல்வி என்று எல்லா வகுப்புக்கும் நெடுங்காலம் கட்டாயப்படுத்திய ஒரே மாநிலம் இல்லினாய். அங்கும் பள்ளிகள் விலக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் 2017-இல் வாரம் மூன்று நாள் போதும் என்று சட்டம் இறங்கி வந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு நிமிடக் கணக்கு இருப்பதும், திடலில் பிள்ளை ஓடுவதும் வேறு வேறு என்பதைக் கலிபோர்னியா வழக்கு ஒன்று வெட்டவெளிச்சமாக்கியது. அங்கே தொடக்கப் பள்ளிகளில் 10 பள்ளி நாட்களுக்கு 200 நிமிடம் உடற்கல்வி என்பது சட்டம். அல்பானி என்னும் ஊரில் ஒரு பெற்றோரும் அவர் பிள்ளையும் எங்கள் பள்ளியில் அது நடக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். அது வெறும் பரிந்துரைதான் என்று பள்ளி மாவட்டம் வாதிட்டது. இல்லை, கட்டாயமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. பிறகு 2013-இல் 37 பள்ளி மாவட்டங்கள் மீது இன்னொரு வழக்கு. சமாதானம் ஆனபோது, தொடக்கப் பள்ளிகளில் எத்தனை நிமிடம் விளையாடினார்கள் என்று எழுதி வைக்க அம்மாவட்டங்கள் உடன்பட்டன. கேட்பதற்கு ஆள் வந்த பிறகுதான் கணக்கு எழுதப்படுகிறது பாருங்கள்!

உடற்கல்வி நேரம் கூடினால் உடம்பு இளைக்குமா என்பதில் பொருளியல் அறிஞர் ஜான் காலியும் துணைவர்களும் 2013-இல் தந்த கணக்கு உண்டு. 5-ஆம் வகுப்பில் வாரம் 60 நிமிடம் கூடினால் பருமனாகும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது. ஆனால் அந்தப் பயன் பெரிதும் சிறுவர்களிடமே காணப்பட்டது. சிறுமியருக்குத் திடலில் இடமும் ஊக்கமும் எவ்வளவு கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் இதை நோக்க வேண்டும். நம் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் உடைக் கட்டுப்பாட்டின் காரணமாகவே அங்கே விளையாட்டு அணிகளிலிருந்து ஒதுங்கியதுண்டு. இல்லினாய் 2021-இலும் மேரிலாந்து 2022-இலும் சட்டம் இயற்றி, சமயத்துக்கோ நாணத்துக்கோ ஏற்ப விளையாட்டுச் சீருடையை மாற்றி அணியும் உரிமையை வழங்கியுள்ளன. தலைத்துணியோடும் முழுக்கைச் சட்டையோடும் ஒரு பிள்ளை பந்து விளையாடலாம். எவரிடமும் சிறப்பு அனுமதிக்காக மன்றாட வேண்டியதில்லை. அந்த மாநிலங்களில் இருக்கும் நம் சகோதரிகள் இதை அறிந்து வைத்திருப்பது நலம்.

ஊட்டக் கல்வியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நடப்பதே அதிகமில்லை. அமெரிக்க மாணவர்கள் ஆண்டுக்கு 8 மணி நேரத்துக்கும் குறைவாகவே உணவு பற்றிய பாடம் பெறுகிறார்கள் என்றும், பழக்கம் மாற 40 முதல் 50 மணி நேரம் வேண்டும் என்றும் அந்நாட்டு நோய்த் தடுப்பு நிறுவனமே கூறியிருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்குச் சிக்கனமாகச் சமைக்கவும் நல்லுணவு தேரவும் கற்பித்துவந்த நடுவண் திட்டத்துக்கும் 2025-இல் நிதி நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆர்கன்சாஸில் இன்று

சரி, ஆர்கன்சாஸ் என்ன ஆயிற்று? 2019-இல் அந்த மாநிலம் தொடக்கப் பள்ளிகளுக்கு அன்றாடம் 40 நிமிடம் இடைவேளை என்று ஒரு சட்டம் செய்தது. சோதனையில்லை, மதிப்பெண் இல்லை. பிள்ளையை வெளியே விடு, அவ்வளவுதான். எனக்கு மிகப் பிடித்த சட்டம் இது.

2025 பிப்ரவரியில் ஆளுநர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ் மற்றொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இவர் மைக் ஹக்கபீயின் மகள். 2025-26 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும், வீட்டு வருமானம் கேளாமல், காலை உணவு இலவசம் என்பது அச்சட்டம். தந்தை பிள்ளைகளைத் தராசில் நிறுத்தினார். மகள் தட்டை நீட்டியிருக்கிறார். பணம் எங்கிருந்து என்று பார்த்தால் நமக்குச் சற்று நெருடும்: மருத்துவத்துக்கென விற்கப்படும் கஞ்சாவின் மீதான வரியிலிருந்து! அரசியலில் நல்ல காரியங்கள் எந்தெந்தச் சந்து வழியாக வந்து சேருகின்றன!

உங்கள் மகனோ மகளோ அங்கே குடியிருந்து, பேரப் பிள்ளைக்கு அந்தக் கடிதம் வந்துவிட்டதென்று கலங்கினால், அவர்களிடம் சொல்லுங்கள்: அது நோய்ச் சான்றிதழ் அன்று. பிள்ளையின் முன்னால் அதைப் படிக்க வேண்டாம். ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, வளர்ச்சி எப்படி என்று கேட்டுக்கொண்டால் போதும். அடுத்த முறை அளக்க வேண்டாமென்று எண்ணினால், தங்கள் மாநிலச் சட்டம் அதற்கு இடந்தருகிறதா என்று பள்ளியில் கேட்கட்டும். ஆர்கன்சாஸில் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்.

கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உண்டு. மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த எந்தப் பள்ளி மாவட்டமும் உணவுக்கும் உடலியக்கத்துக்கும் ஒரு நலக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2004-இலேயே நடுவண் சட்டம் வந்துவிட்டது. அதை வகுப்பதில் பெற்றோருக்கு இடமளிக்க வேண்டும் என்றும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அது நடைபெறும் விதத்தைச் சோதித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதிகள் உள்ளன. அந்தக் குழு எப்போது கூடுகிறது, அதில் பெற்றோர் எத்தனை பேர், உடற்கல்வி நிமிடங்களை யார் எழுதி வைக்கிறார்கள், உணவுக் கூடத்தில் என்ன விற்கிறது என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அக்குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் நம் மருமகள்மாரில் ஒருவர் போய் அமரட்டுமே!